கீழே போனால் சரியாகிவிடும்

அந்தத் தீவில் எல்லோரும் அவனை ஆமை என்றுதான் கூப்பிட்டார்கள். சோம்பேறி என்பதால் அல்ல, தண்ணீருக்குள் அவ்வளவு நிதானம். விடுமுறைக்கு வருகிறவர்கள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கியதும் கையையும் காலையும் போட்டு அடிப்பார்கள். மணலைக் கிளப்பி, பணம் கட்டிப் பார்க்க வந்த மீனையெல்லாம் தாங்களே விரட்டிவிடுவார்கள். இவனோ கையைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் காலாற நடக்கக் கிளம்பியவன் போல வழிகாட்டிக்கொண்டு முன்னால் போவான். பயந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டால் போதும், மூச்சு ஒழுங்குக்கு வந்துவிடும். "அந்த ஆமையண்ணன் இருந்தாத்தான் வருவோம்" என்று போன வருடம் வந்தவர்கள் மறுபடி சொல்லியனுப்புவார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே இருந்தது.

கரையில் ஆளே வேறு. நாலு பேர் கூடினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வான். விடுதி முதலாளி ஏதாவது கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்வான். "தண்ணிக்கு வெளியில உங்களை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" என்று மனைவி சிரிப்பாள். விடுதி அறைகளில் படுக்கை விரித்து, உப்பேறிய துண்டுகளை அலசிக் காயப்போடுவது அவள் வேலை. படகு ஓட்டுகிறவன் அவளுடைய அண்ணன். ஆக, கடலுக்குப் போனாலும் மச்சான் முகம்தான், வீட்டுக்கு வந்தாலும் மச்சான் முகம்தான்.

வினை அந்தப் படகின் நங்கூரத்தில் இருந்தது. பவளப்பாறை இடுக்கில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். படகைக் கட்ட ஒரு மிதவை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் முதலாளி அடுத்த வருடம் என்பார். அவருடைய அடுத்த வருடம் என்றைக்கும் வந்ததில்லை. வந்தவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, ஆமை மறுபடி அடிவரை போய் நங்கூரத்தைப் பிடுங்கிவிட்டு விறுவிறுவென்று ஏறிவருவான். நிதானத்துக்குப் பேர்போனவன் அந்த ஒரு வேலையில் மட்டும் அவசரப்படுவான். மேலே ஆட்கள் பசியோடு காத்திருப்பார்களே!

ஆழத்தில் சுவாசிக்கிற காற்று இரத்தத்தில் கரைந்து நிற்கும். மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும். அவசரமாக ஏறினால், மூடியைத் திறந்த சோடா போல உடம்புக்குள்ளேயே குமிழி விடும். குமிழி மூட்டில் தங்கினால் வலி, நரம்பில் தங்கினால் அதைவிடக் கேடு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான். "எங்க வலிச்சாலும் உடனே சொல்லிடணும், மறைக்கக் கூடாது" என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பவன் ஆமையேதான். அவனுக்கே தோள் வலிக்க ஆரம்பித்தபோது வாயைத் திறக்கவில்லை.

சொன்னால் கரையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் அவனுக்கு வேறில்லை. போதாததற்கு, அந்தத் தீவில் முக்குளிப்பவர்கள் நடுவே ஒரு கைவைத்தியம் இருந்தது. வலித்தால் மறுபடி இறங்கு. ஆழத்தில் குமிழி சுருங்கிவிடும், வலியும் மாயமாகிவிடும். அப்போதைக்கு உண்மைதான். மேலே வந்ததும் குமிழி மறுபடி பெருத்துவிடும், முன்பைவிட மோசமாக. அந்தப் பாதியை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. "கீழ போனா சரியாயிடும் மாப்ளே" என்று மச்சான் மருத்துவர் தோரணையில் சொல்வான். ஆமையும் போவான், சரியாகிவிடும். சாயங்காலம் மறுபடி வலிக்கும், மறுநாள் மறுபடி போவான். அந்தப் பருவம் முழுக்க இப்படியே ஓடியது.

ஒரு காலையில் மனைவி வாசலைப் பெருக்கக் குனிந்தபோது தரையில் இரத்தச் சொட்டுகளைப் பார்த்தாள். அவை வாசலிலிருந்து அவன் உட்கார்ந்திருந்த இடம்வரை வந்தன. இடது பாதத்தில் கிளிஞ்சல் கிழித்துத் தோல் தொங்கியது. அவன் பாட்டுக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கால் கிழிஞ்சிருக்கு. தெரியலையா உங்களுக்கு?"

அவன் குனிந்து யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தான். "மரத்துப்போயிருக்கு. அவ்வளவுதான்."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "இன்னைக்கு மதியம் கப்பல் இருக்கு. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம். கிளம்புங்க."

"அந்தப் புதுஜோடிக்கு இன்னைக்குத்தான் கடைசி முழுக்கு. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சாத்தான் இறங்கும். முடிச்சுட்டு வந்துடறேன்."

அவள் அண்ணனிடம் ஓடினாள். "நீயாவது சொல்லேன்!" அவன் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டே, "பயப்படாத தங்கச்சி. ஒரு தடவை இறக்கிக் கூட்டிட்டு வர்றேன். கப்பலுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுடறேன்" என்றான். கெட்டவன் இல்லை, அதை அப்படியே நம்பினான். அவளுக்கு அன்றைக்குக் கத்தத் தெரியவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

கீழே போனதும் சரியாகிவிட்டது. தோள் லேசாயிற்று. மரத்த கால் உயிர் வந்து, மாட்டியிருந்த ரப்பர் துடுப்பை அடித்தது. அந்தப் பெண் முதலில் பேய்முழி முழித்தாள், பிறகு மெல்ல அவன் கையை விட்டுத் தானே நீந்தினாள். அவள் கணவன் மீனையெல்லாம் விட்டுவிட்டுத் தன் முகத்தையே படம் பிடித்துக்கொண்டிருந்தான். இடுக்கில் ஒரு விலாங்கு வாயைத் திறந்து மூடியது. ஆமை எல்லாவற்றையும் பார்த்தான். இந்த ஊரில் தன்னை மதிக்கிற இடம் இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான்.

இருவரையும் படகு ஏணிவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு, அவன் மட்டும் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி மறுபடி இறங்கினான். மேலே மச்சான் கயிற்றை ஆட்டினான், மறுபடி ஆட்டினான். கப்பல் நேரம் ஆகிறது என்று இவனுக்குத் தெரியும். ஆனால் ஏறினால் கால் போய்விடும் என்பதும் தெரியும். காற்று தீர்ந்து, குழாயை உறிஞ்சி உறிஞ்சி இழுக்க வேண்டி வந்தபிறகுதான் மேலே வந்தான்.

ஏணியின் முதல் படியில் கால் வைக்க முடியவில்லை. இரண்டு காலுமே இல்லாதது போலத் தொங்கின. "அண்ணே, பேருக்கேத்த மாதிரியே ஏறுறீங்களே!" என்று புதுமாப்பிள்ளை சிரித்துக்கொண்டே படம் பிடித்தான். மச்சான் தண்ணீரில் குதித்த பிறகுதான் அவன் சிரிப்பை நிறுத்தினான்.

கப்பல் போயிருந்தது. மச்சானே படகை ஓட்டி அவனைக் கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஒரு நாள் கழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெரிய இரும்புப் பீப்பாய் மாதிரி ஓர் அறை இருந்தது. ஆளை உள்ளே படுக்க வைத்து, ஆழ்கடலில் இருப்பது போலக் காற்றை அழுத்தி ஏற்றுவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். பக்கவாட்டில் ஒரு வட்டக் கண்ணாடி. மனைவி அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

அழுத்தம் ஏறியதும் அவன் கட்டைவிரல் அசைந்தது. அவள் பார்த்தாள். அவனும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதாள். அழுத்தத்தை இறக்கிக் கதவைத் திறந்தபோது விரல் அசையவில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே நடந்தது. உள்ளே போகும்போது வேலைக்குக் கிளம்புகிறவன் மாதிரி சுறுசுறுப்பாக இருப்பான், வெளியே வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒரு நாள் மருத்துவர் அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மூடி மறைக்காமல் சொன்னார். "நரம்பு போயிடுச்சும்மா. முதல்ல வலிச்ச அன்னைக்கே வந்திருந்தா நடந்திருப்பார். இனிமே உள்ள விட்டுப் பிரயோஜனமில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் போனதும் ஆமை மனைவியின் கையைப் பிடித்தான். "நீ போய்ச் சொல்லு. உள்ள இருந்தா கால் வருது. நீயே பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அப்ப என்னை அங்கயே விட்டுடச் சொல்லு."

"எவ்வளவு நாளைக்கு?"

"எவ்வளவு நாளானாலும். எனக்கு அதுக்குள்ள ஒண்ணும் கஷ்டமில்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவள் அவன் முகத்தைத் தேடினாள். விளையாட்டில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வர மறுத்தவன் அதே முகத்தோடுதான் இருந்திருப்பான் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாள் அடக்கிவைத்த கோபமெல்லாம் மேலே வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது.

"அந்தக் கண்ணாடிக்கு வெளியில நான் ஒருத்தி நின்னுட்டிருக்கேனே, அதை ஒரு தடவையாவது நினைச்சீங்களா?"

அவன் யோசித்தான். வலியை மறைத்தவன், காலை மறைத்தவன், இதை மட்டும் மறைக்கவில்லை.

"இல்ல" என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். வாசலில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். படகுத்துறைவரை அவளே தள்ளிக்கொண்டு போனாள்.