சத்தம் நுழையாத ஸ்டோர் ரூம்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை, "பதறாதீங்க, காத்து வரும்" என்று வெளியிலிருந்தே சமாதானப்படுத்தி இறக்கிவிடுவதுதான் பிழைப்பு. ஊரார் கூச்சலை அடக்குகிற மனுஷனுக்கு வீட்டில் கிட்டார் பழக ஒரு மூலை கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

கல்யாணம் பேசி முடித்த புதிதில் அக்காவுக்கு ஒரு பாட்டை வாசித்துக் காட்டினாராம். பாதியில் விரல் சிக்கிக்கொண்டது. "மீதி அப்புறம்" என்றார். அந்த அப்புறம் வருவதற்குள் அவர் மகனே வேலைக்குப் போய்விட்டான். ஹாலில் உட்கார்ந்தால் டிவி. படுக்கையறைக்குப் போனால் அக்கா துணி மடிக்க வருவாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், வார்டில் பேசிப் பழகிய குரல்.

"ஏங்க, பால் வாங்கினீங்களா?"

"இரு, இதை முடிச்சிட்டு வர்றேன்" என்பார் மாமா. ஒரு நாளும் முடித்தது கிடையாது.

அக்கா ரிட்டையர் ஆகப்போகிறாள் என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நடக்கிற பிரிவு உபசார விழாவில் அந்தப் பாட்டை முழுசாக வாசித்தே தீருவாராம்.

"எதுக்கு மாமா வேண்டாத வேலை?" என்றேன்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்றார்.

ஸ்டோர் ரூமைக் காலி செய்தார். சுத்தாத ஃபேன், பெயின்ட் டப்பா, கால் உடைந்த ஸ்டூல் எல்லாம் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வந்து சேர்ந்தன. வேறெங்கே போகும்? லிஃப்ட் கதவு விளிம்பில் ஒட்டுகிற ரப்பர் பட்டையை அறைக் கதவைச் சுற்றி ஒட்டினார். சுவரெல்லாம் பழைய கம்பளி. போனை வெளியே வைத்தார். டிக் டிக் என்கிறதென்று கடிகாரத்தையும் கழற்றினார். கதவைச் சாத்தினால் நம் காது இரைவது நமக்கே கேட்கும். அக்கா தட்டினால்கூட உள்ளே தெரியாது.

"வீட்ல ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியல" என்றாள் அக்கா என்னிடம். கோபமா கிண்டலா, எனக்குப் பிடிபடவில்லை.

பாட்டு படிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உள்ளே உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். துளி பிசிறு இல்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

விழா ஆஸ்பத்திரி கேன்டீனில். தட்டுச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, ஏதோ டாக்டரைக் கூப்பிடும் ஸ்பீக்கர். முன்வரிசையில் பூங்கொத்தோடு அக்கா. மாமா ஆரம்பித்தார். ஒரு ஸ்பூன் விழுந்தது, தலை திரும்பியது. ஸ்பீக்கர் கரகரத்தது, விரல் தடுமாறியது. அன்றைக்குச் சிக்கிய அதே இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. மறுபடி தொட்டார். மறுபடி நின்றது. எல்லாச் சத்தத்தையும் ரப்பர் போட்டு அடைத்துப் பழகியவருக்குச் சத்தத்துக்கு நடுவே வாசிக்கத் தெரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. பாவம் பார்த்து யாரோ கைதட்டினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. மாமா எழுந்துவிடப் போகிறார், ஒரு கை நாற்காலியில் ஊன்றியாயிற்று.

அக்கா கத்தினாள்.

"ஏங்க! பால் வாங்கினீங்களா?"

மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இரு, இதை முடிச்சிட்டு வர்றேன்."

மைக்கில் அத்தனை பேருக்கும் கேட்டது. கேன்டீனே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஊன்றிய கை கிட்டாருக்குத் திரும்பியது, சிக்கிய இடத்தைத் தாண்டியது. அங்கங்கே பிசிறு தட்டத்தான் செய்தது. ஆனால் கடைசி வரை போனார்.

கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு நேராக அக்காவிடம் வந்து நின்றார்.

"முடிச்சிட்டேன். பால் எவ்வளவு வேணும்?"