நேற்று மத்தியானம் யார் சோறு ஊட்டியது?

மூன்று ஆண்டுகளுக்கு முன், காங்கேயத்தில் ஓர் அரசுப் பள்ளியில் மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம் நடந்தது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, இடது கையிலும் பிடிமானம் போன என் அண்ணனை அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவர் விசைத்தறி ஓட்டியவர். தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு எடுக்கும் அண்ணியின் கூலியில்தான் குடும்பம் ஓடியது. மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அன்று அண்ணிக்குக் களத்தில் லீவு கிடைக்காததால், கோவையிலிருந்து நான் வந்திருந்தேன்.

அதிகாரிகளைப் பார்க்கப் போகிறோம் என்று அண்ணனுக்குச் சவரம் செய்து, வெளுத்த வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் உடுத்தி, நெற்றியில் திருநீறும் வைத்து அனுப்பியிருந்தார் அண்ணி. சக்கர நாற்காலியில் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர் பார்த்து முடித்தார். கடைசி மேசையில் ஒரு பெண் அலுவலர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அன்றாட வேலைகளுக்கு இன்னொருவர் துணை தேவை என்றால்தான் அந்த உதவித்தொகை. அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தானா சாப்பிடுவாருங்களா?"

"சாப்பிட்டுக்குவாருங்க."

"குளிக்கிறது, துணி மாத்துறது?"

"அதெல்லாம் ஒண்ணும் சிரமம் இல்லீங்க."

பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு நிலவரத்தை யார் விசாரித்தாலும் வருகிற பதில் அதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அதையே சொல்வோம். அலுவலர் 'துணை தேவையில்லை' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்.

எங்களுக்குப் பின்னால், மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒருவர் பொறுக்காமல் கத்தினார்.

"ஏனுங்ணா, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க? மாப்பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்லைன்னு அளக்கறீங்க!"

வரிசையே சிரித்தது. அண்ணனும் கோணிய வாயோடு சிரித்தார். எனக்குக் காது சூடானது.

அலுவலர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துவிட்டு, "வேற மாதிரி கேக்கறனுங்க. நேத்து மத்தியானம் இவருக்குச் சோறு ஊட்டுனது யாரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நேற்று மத்தியானம் நான் கோவையில், காந்திபுரத்தில் வேலை பார்க்கும் கடையில் இருந்தேன். மூச்சுக்கு முந்நூறு தடவை 'அண்ணன், அண்ணன்' என்று சொல்கிற நான், அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பதில் அண்ணனிடமிருந்து வந்தது. வார்த்தைகள் குழறினாலும் ஒவ்வொன்றாக வந்தன.

"எம் பொண்டாட்டிதானுங்க. களத்துலருந்து ஓடியாந்து ஊட்டிப்போட்டு ஓடுவா. அரை நாள் கூலி புடிச்சுக்குவாங்க. ஒருநாள் அவளுக்கு நேரமாயிப்போச்சு. சொம்பு பக்கத்துலதான் இருந்துச்சு. எடுத்துக் குடிக்க முடியாம பாத்துட்டே உக்காந்திருந்தனுங்க."

வீட்டில்கூட அவர் இதைச் சொன்னதில்லை என்று அண்ணி பிறகு சொன்னார்.

அலுவலர் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டார். "இந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டதும் அவங்கதானுங்களா?" என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். திரும்பும்போது ஸ்கூட்டர்காரரிடம் நன்றி சொல்லப் போனேன். "நானும் மொத தடவை இப்படித்தானுங்க, ஜம்முனு பேசி ஒரு வருசத்தைக் கோட்டை விட்டேன்," என்றார்.

சில மாதங்கள் அலைந்தோம். ஒரு காகிதத்துக்காக இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு பணம் வரத் தொடங்கியது. பெரிய தொகை அல்ல. ஆனால் அரை நாள் கூலி போனாலும் சமாளிக்க முடிகிறது. இப்போது அண்ணி மத்தியானத்தோடு வேலையை முடித்துக்கொண்டு நடந்து வருகிறார், ஓடி வருவதில்லை.

இன்றும் யாராவது விசாரித்தால், "ஒண்ணும் சிரமம் இல்லீங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதை என் சிரமத்துக்கு மட்டும்தான் சொல்லிக்கொள்ளலாம், இன்னொருவர் சிரமத்துக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்பதை அந்த மேசை முன்னால்தான் கற்றுக்கொண்டேன்.