அத்தையின் தொட்டியும் என் பாக்டீரியாவும்

சேலத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். கல்யாணமாகி ஏற்காடு வந்ததிலிருந்து தினமும் பஸ்ஸில் மலை இறங்கி, மலை ஏறுகிறேன். என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, இங்கே சின்னதாக ஒரு காபித் தோட்டம். தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் ஊறப் போட்டு, மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பு கரைந்ததும் கழுவிக் காய வைப்பார். கரைப்பதில் பாக்டீரியாவுக்குத்தான் பெரும்பங்கு. மார்கழிக் குளிரில் மூன்று நாள் ஆகும்.

ஒரு வருஷம் சேலத்துக் காபிக் கடைக்காரர் ஒருவர், அத்தையின் காபியை அத்தை பேரிலேயே தனியாக விற்கலாம் என்று சாம்பிள் கேட்டிருந்தார். அதுவரை எஸ்டேட் காபியோடு கலந்து அடையாளமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அத்தை சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்து அவரே பறித்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மூணு நாள் எதுக்குங்க அத்தை, ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்றேன். அதே தொட்டியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, கல்லூரியில் குளுக்கோஸ் ஊட்டி வளர்த்து, கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வேறு கிருமி எதுவும் குறுக்கே வரக்கூடாதென்று தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அத்தை அந்தத் தொட்டியை வெறும் தண்ணீரில்தான் அலசுவார். பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. படித்த மருமகள் என்ற மரியாதை.

கொட்டையைப் போட்டுக் கேனைக் கவிழ்த்தேன். மூன்றாம் நாளும் கொழகொழப்பு கரையாமல் கொட்டை வழுக்கியது. நான்காம் நாள் நாறியது. சாம்பிள் அனுப்ப முடியவில்லை.

அத்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாறிய கொட்டையைக் கழுவிக்கொண்டே, "என்ன ஆச்சு கண்ணு, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார்.

சொன்னேன். பாக்டீரியாவின் சவ்வில் புரதத்தால் ஆன சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. பாக்டீரியா பாடுபட்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும். வெளியே கூட்டம் சேர்ந்ததும் அவை மறுபடி உள்ளே வரப் பார்க்கும். ஆனால் பல வாசல்களில் தனியாக நுழைய முடியாது, ஒரு சத்தையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அடிவாரத்தில் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும் ஜீப்பைப் போல. அப்படி வரும் சத்தில்தான் அது வளர்கிறது. பெரும்பாலும் ஒவ்வொரு சத்துக்கும் தனி வாசல். குளுக்கோஸ் கிடைக்கும்வரை மற்ற வாசல்களைக் கட்ட அது மெனக்கெடுவதில்லை. நான் குளுக்கோஸாகவே ஊட்டியதால், கொழகொழப்பை உடைத்துத் தின்பதற்கான வாசல் அதனிடம் இல்லை. அந்தக் குளிரில் சட்டென்று கட்டவும் தெம்பில்லை. வேலை தெரிந்த பழைய கிருமிகளையோ நானே தேய்த்துத் தீர்த்துவிட்டேன்.

"அப்ப செல்லங் குடுத்துக் கெடுத்துப்போட்ட" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்தது அந்த வருஷத்தின் கடைசிப் பறிப்பு. பக்கத்துத் தோட்டத்தில் தோல் நீக்கும்போது வழிந்த கொழகொழத் தண்ணீரைக் கல்லூரிக்கு வாங்கிப் போய், இந்த முறை அதையே ஊட்டி அந்தப் பாக்டீரியாவை வளர்த்தேன். கொண்டு வந்தேனே தவிர, ஊற்றத் தைரியம் வரவில்லை. கேனைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டேன்.

அந்தக் காபி நன்றாக வந்தது, சேலம் போனது, அத்தையின் பேர் போட்ட பாக்கெட்டில் இப்போதும் விற்கிறது. ஆனால் இது எதுவும் தெரியாத அந்தக் காலையில் நடந்ததுதான் எனக்குப் பெரிது. அத்தையே கேனைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். பாதிக் கொட்டையையாவது உங்கள் வழக்கப்படி தனியாக ஊறப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மூடியைத் திறந்து மொத்தத்தையும் கவிழ்த்தார்.

"மறுபடியும் கெட்டுப் போச்சுன்னா என்னங்க அத்தை பண்றது?"

"கெட்டா ரெண்டு பேருஞ் சேந்து கெடுத்ததா இருக்கட்டும் கண்ணு. போன தடவ நீ நொம்பத் தனியா நின்னுட்ட."