மணி அடிக்காதவள்

அந்தத் தொடரில் வீட்டைவிடப் பெரிய நாகங்கள் பறக்கும். செத்தவன் எழுந்து வந்து வாள் வீசுவான். அதையெல்லாம் ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. இரண்டாம் சீசன், ஏழாம் பாகம், நாற்பத்தோராவது நிமிடத்தில் மூத்த இளவரசி ஏன் மணியை அடிக்கவில்லை என்பதற்குத்தான் ரசிகர் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர் நான்கு வருடமாக ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்த இளவரசிக்கு வக்காலத்து வாங்கியது ஒரே ஒரு ஆள். குழுவில் அவள் வைத்துக்கொண்ட பெயர் முன்கோபி.

முன்கோபிக்கு ஐம்பத்திரண்டு வயது. பல் செட் செய்யும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சுக்கு மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அச்சு தெளிவாக இல்லாவிட்டால் டாக்டருக்கே போன் போட்டு, "நீங்க எடுத்தது வாயா, வாழைப்பூவா?" என்று கேட்பாள். டாக்டர்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். வேலை சுத்தமாக இருந்ததால் முதலாளியும் வாயைத் திறப்பதில்லை. பக்கத்து மேஜையில் செட்டுக்குப் பாலிஷ் போடுகிறவர்தான் பாவம். காலையில் வந்ததும் முந்தின நாள் குழுவில் யார் என்ன உளறினார்கள் என்று இவள் ஆரம்பிப்பாள். அவர் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். இவள் மோட்டாருக்கு மேல் கத்துவாள்.

விஷயம் இதுதான். கதையில் அரசர் இரண்டு நாள் சாகக் கிடக்கிறார். கோபுரத்தில் ஒரு மணி இருக்கிறது. அதை அடித்தால் எத்தனை மலைக்கு அப்பால் இருந்தாலும் அரசரின் ரத்த உறவுக்கு மட்டும் காதில் கேட்கும். இளைய மகள் எல்லைக்குப் படையோடு போயிருக்கிறாள். கோபுரச் சாவி மூத்தவளின் இடுப்பில். மூத்தவள் படியேறிப் போய் மணிக்குக் கீழே நிற்கிறாள், அண்ணாந்து பார்க்கிறாள், இறங்கி வந்துவிடுகிறாள். அரசர் செத்துப்போகிறார். கதை எழுதினவர்கள் அதற்கு ஒரு வார்த்தை காரணம் சொல்லவில்லை. அடுத்த பாகத்தில் நாகத்தைப் பறக்கவிட்டு எல்லாரையும் மறக்கடிக்கப் பார்த்தார்கள்.

குழு மறக்கவில்லை. சிம்மாசன ஆசை என்றார்கள் பாதிப் பேர். தங்கைமேல் பொறாமை, மந்திரியோடு கூட்டு என்றார்கள் மீதிப் பேர். முன்கோபி மட்டும் கயிறு இற்றுப்போயிருந்தது என்றாள். திரையை நிறுத்திப் படம் பிடித்து, பெரிதாக்கி, பிரிந்து தொங்கும் நாலு நூலுக்கு வட்டம் போட்டு அனுப்பினாள். இழுத்தால் அறுந்து தலையில் விழும், அதனால்தான் அடிக்கவில்லை, கண் இருக்கிறவர்களுக்குத் தெரியும் என்று எழுதினாள். அவள் சொல்லுகிற நிமிடக் கணக்கும் வசனமும் ஒருநாளும் தப்பியதில்லை. குழுவில் ஒரு சட்டம் இருந்தது: கதை விவரத்தைத் தப்பாகச் சொன்னவர் ஒரு வாரம் தன் பெயரை 'கத்துக்குட்டி' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். குழுவை நடத்திய மருந்துக்கடைக்காரரே இரண்டு முறை கத்துக்குட்டி ஆகியிருக்கிறார். முன்கோபி ஒரு முறைகூட இல்லை. அவள் எப்போது சறுக்குவாள் என்று பாதிக் குழு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு புதிதாக ஒருவர் சேர்ந்தார். வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை. எடுத்த எடுப்பில் இப்படி எழுதினார்: "எட்டாம் பாகம், பன்னிரண்டாவது நிமிடம் பாருங்கள். சாவு மணியை அதே கயிற்றில்தான் அடிக்கிறார்கள். அப்பா செத்ததும் கயிறு தானாக முறுக்கேறிவிட்டதா?" குழுவே கைதட்டியது. அதைவிட அந்த ஆள் வைத்திருந்த பெயரைப் பார்த்துச் சிரித்தது. பெயர் பின்கோபி. முன்கோபியை நக்கலடிக்கத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

முன்கோபி சிரிக்கவில்லை. கையில் இருந்த கடைவாய்ப் பல் மேஜையில் விழுந்து உருண்டது.

இரண்டு பெயரும் அம்மா வைத்தது. மூத்தவளுக்கு மூக்கின்மேல் கோபம், சொன்ன நொடியில் வெடிப்பாள், அவள் முன்கோபி. சின்னவளை இன்றைக்குத் திட்டினால் சிரித்துக்கொண்டே போவாள், மூன்றாம் நாள் சம்பந்தமே இல்லாமல் கதவை எட்டி உதைப்பாள், அவள் பின்கோபி. வீட்டில் அந்த மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது. அம்மா இப்போது இல்லை. ஆகவே எதிரில் இருப்பது யார் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தி அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா எட்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். பார்த்துக்கொண்டவள் மூத்தவள். சின்னவள் பத்து மணி நேரப் பஸ் தூரத்தில் குடும்பத்தோடு இருந்தாள், வருடத்துக்கு இரண்டு தடவை பை நிறைய வாங்கிக்கொண்டு வந்து போனாள். கடைசியில் அம்மா இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தபோது மூத்தவள் தங்கைக்குத் தகவல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன் போட்டு, அம்மா போய்விட்டாள் என்றாள். தங்கை வந்து சேர்ந்து, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றாள். அப்படியானால் காலையில் எந்தப் போனில் கூப்பிட்டாய் என்று சின்னவள் கேட்டாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், அம்மாவை வைத்துக்கொண்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். மூத்தவள் பதிலுக்கு, வருஷத்துக்கு ரெண்டு நாள் வர்றவளுக்கு இந்தக் கேள்வி ஒரு கேடா என்றாள். அதோடு சரி.

இப்போது அதே கேள்வியைத் தங்கை கயிறு என்று மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவளும் கயிற்றைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ யாரென்று எனக்குத் தெரியும் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வார்த்தை பேச வேண்டி வரும், அதற்கு இரண்டு பேரிடமும் தைரியம் இல்லை.

ஆனால் சண்டை மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. பின்கோபி ஒரு வாரம் தலை காட்டாவிட்டால் முன்கோபிக்கு இருப்புக் கொள்ளாது. வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பாள். இளைய இளவரசி குதிரையில் வந்து இறங்கி அப்பாவைக் கட்டிக்கொண்டு போஸ் கொடுப்பதோடு சரி, படுக்கையில் கிடந்தவரின் மூத்திரத் துணியை மாற்றியது யார் என்று ஒரு கொக்கி போடுவாள். சரியாக மூன்றாம் நாள் பதில் வரும், நெருப்பாக. மாற்றிய கையாலேயே கழுத்தையும் நெரிக்கலாமா என்று வரும். படித்துவிட்டு அந்தச் சிறுக்கியைக் கொல்ல வேண்டும் போல ஆத்திரம் பொங்கும். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கமும் வரும். தங்கை உயிரோடுதான் இருக்கிறாள், கோபமாகத்தான் இருக்கிறாள், தன்னை இன்னும் விட்டுவிடவில்லை. முன்கோபிக்கு உலகத்தில் மிச்சம் இருந்த சொந்தம் அவ்வளவுதான்.

ஐந்தாம் சீசனோடு தொடர் முடிந்தது. கடைசிப் பாகத்தில் மூத்த இளவரசி கோபுரத்திலிருந்து கீழே விழுந்து செத்தாள். சாகும்போதாவது காரணத்தைச் சொல்வாள் என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தாள், நாகம் குறுக்கே பறந்தது, முடிந்தது. குழு கொதித்துப்போனது. எழுதினவர்களுக்கு எத்தனை வாய்ப்பு இருந்தது, அக்காளும் தங்கையும் ஒரே கூடாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க இருந்தார்களே, அப்போதுகூட ஒரு வசனம் வைக்க வக்கில்லையா என்று ஆளாளுக்கு வசை பாடினார்கள். மருந்துக்கடைக்காரருக்கும் அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குக் குழுவை மூடுவதாக அறிவித்தார். அதற்குள், எடுக்காமல் விட்ட காட்சி எது என்று ஆளுக்கு ஒன்று எழுதலாம் என்றார்.

ஆறு மணிக்கு மேல் தங்கை எங்கே போவாள் என்று முன்கோபிக்குத் தெரியாது. நம்பர் இருந்தது. பழைய நம்பரைத் தானும் மாற்றவில்லை, எத்தனையோ சலுகை சொல்லிக் கம்பெனிக்காரர்கள் கெஞ்சியும் மாற்றவில்லை. ஆனால் கூப்பிட்டு எதைச் சொல்வது? கயிற்றைப் பற்றியா? ஞாயிறு மதியம் முழுக்க அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரையெல்லாமோ திட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு மேல் எழுத ஆரம்பித்தாள்.

"மூத்தவள் தங்கையிடம் சொல்கிறாள்: கயிறு நன்றாகத்தான் இருந்தது. எட்டு வருடம் குளிப்பாட்டியது நான். ஊட்டியது நான். புரட்டிப் போட்டது நான். கண் திறந்தால் தேடியது உன்னை. மணி அடித்தால் நீ வருவாய். நீ வந்தால் அந்த முகம் மலரும், நான் பழையபடி வேலைக்காரி ஆகிவிடுவேன். கடைசி இரண்டு நாளாவது அம்மா எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் அடிக்கவில்லை."

திரும்பப் படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். படித்தால் அனுப்ப மாட்டாள்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. எந்த அம்மா என்று ஒருவர் கேட்டார். ராணி முதல் பாகத்திலேயே செத்துவிட்டாளே, கிடந்தது அரசர் அல்லவா என்றார் இன்னொருவர். அவர் கிடந்தது இரண்டு நாள், எட்டு வருடம் எங்கிருந்து வந்தது, அம்மணி வேறு ஏதோ குடும்பத் தொடரைப் பார்த்துவிட்டு எழுதுகிறார் என்று மூன்றாவது ஆள். நான்கு வருடப் பசி எல்லாருக்கும். கத்துக்குட்டி, கத்துக்குட்டி என்று மளமளவென்று வந்து விழுந்தது. சட்டம் சட்டம்தான் என்றார் மருந்துக்கடைக்காரர். அவள் பேசாமல் பெயரை மாற்றினாள். மூடப்போகிற குழுவில் இனி என்றென்றைக்கும் கத்துக்குட்டி. அதற்காக அவள் கவலைப்படவில்லை. படித்தவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயரைத் தேடினாள். ஐந்து முப்பத்தெட்டுக்குப் பின்கோபி படித்திருந்தாள். ஒரு எழுத்துத் தப்பினாலும் முதல் ஆளாக வந்து குதறுகிறவள், ஒன்றும் எழுதவில்லை. ஆறு மணிக்குக் குழு மூடிக்கொண்டது.

திங்கள் போனது. செவ்வாய் போனது. எதிர்பார்த்ததுதான் என்று முன்கோபி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் புதன்கிழமை காலையில் ஒரு செட்டில் இடது கோரைப்பல்லை வலது பக்கம் நட்டு வைத்தாள். பாலிஷ் போடுகிறவர் பார்த்துச் சொன்னார், அவரையும் ஒரு பிடி பிடித்தாள். பதினோரு மணிக்குப் பிளாஸ்டர் தூசிக்கு நடுவில் போன் அதிர்ந்தது. எடுத்தாள்.

"கயிறு நல்லாத்தான் இருந்துச்சா?" அக்கா என்று கூப்பிடவில்லை.

"இருந்துச்சு. போன் தண்ணியில விழவே இல்ல."

"பத்து மணி நேரத்துல வந்திருப்பேன்."

"தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிடல."

அதற்குப் பிறகு தங்கை ஆரம்பித்தாள். ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். நீ பார்த்துக்கொண்டதெல்லாம் பாசம் இல்லை, காவல் என்றாள். நான் வந்து தொட்டபோது அம்மாவின் கை ஜில்லென்று இருந்தது, உனக்குச் சூட்டோடு கிடைத்ததே, போதுமா என்றாள். முன்கோபி வாழ்க்கையில் முதல்முறையாகக் குறுக்கே பேசாமல் கேட்டாள். காய்ச்சி வைத்திருந்த மெழுகு ஆறி இறுகிவிட்டது. பாலிஷ் போடுகிறவர் மோட்டாரை நிறுத்தியிருந்தார்.

கடைசியில் தங்கையின் குரல் இறங்கியது. "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"ஒவ்வொரு மணி நேரமும் கேட்டாங்க. ரெண்டாம் நாள் பல் செட்டைக் கழட்டி வெச்சுட்டேன். நான் செஞ்ச செட்டு. பேச்செல்லாம் குழறிப் போச்சு, உன் பேரு மட்டும் சுத்தமா வந்துச்சு. கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து உன் பேரச் சொல்லி, வந்துட்டியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வந்துட்டேம்மான்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. இவளும் அழுதாள், மெழுகுக் கையோடு துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"உன்னை நான் மன்னிக்க மாட்டேன்," என்றாள் தங்கை.

"வேண்டாம்."

"இன்னும் திட்டி முடிக்கல. நாளைக்கும் கூப்பிடுவேன்."

"ஒரு மணிக்குக் கூப்பிடு. அப்பதான் சாப்பாட்டு நேரம்."

போனை வைத்ததும் பாலிஷ் போடுகிறவர் யார் என்று கேட்டார். தங்கச்சி என்றாள். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், இவளுக்கு ஒரு தங்கை இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.