மச்சம் இல்லாத கூழ்

எனக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, நான் பிழைத்து எழும்பினால் இனி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தன் வாயில் வைப்பதில்லை என என் மனைவி முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். நான் பிழைத்தேன். கொழுப்பேற்றியவன் நான், நண்டுக் கால் உறிஞ்சுவதில் யாரையும் வெல்லக்கூடிய அவர் நாலு வருடமாகப் பருப்பும் கீரையும். இதென்ன நியாயம் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் யார் வீட்டுக்கு மீனும் நண்டும் போட்ட கூழ் குடிக்கப் போனாலும் அவர் தேத்தண்ணியோடு ஒதுங்கி இருப்பார். சைவக் கூழும் காய்ச்சிப் பார்த்தோம். வாயில் வைக்க முடியவில்லை.

மார்க்கம் நகரில் என்னோடு வேலை செய்யும் கொரியப் பெண்மணி ஒருநாள் மதியம் தன் சூப்பில் கொஞ்சம் தந்தார். ஆடிப்போனேன். கருவாட்டுக் குழம்பின் அதே ருசி! மீனே இல்லையாம். சோயா அவரையை அவித்து, இடித்து, கட்டியாக்கிப் புளிக்கவைத்து, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுக்கிற விழுதாம். புரதம் நிறைய, உப்பும் நிறைய, அளவாகப் போடு என்றார். கடையில் விற்பதில் சிலவற்றுக்கு நெத்தலி சேர்ப்பார்கள் என்று சொல்லி, தான் வீட்டில் செய்ததையே ஒரு டப்பாவில் தந்தார். பார்க்க வெறும் மண்ணிறக் களி. வெறும் அவரையிலிருந்து இந்த ருசியை வரவழைத்த அந்தச் சனத்தின் மூளையை என்னவென்று சொல்வது!

ஞாயிற்றுக்கிழமை பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினேன். பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு, புளி விட்டு, உப்புக்குப் பதிலாக அந்த விழுதில் இரண்டு கரண்டி கரைத்து ஊற்றினேன். மனைவிக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஐயா ஆச்சரியப்படுத்தப் போகிறாராம்!

ஒரு வாய் குடித்தவர் கோப்பையை வைத்துவிட்டார். முகம் வெளிறிப்போனது.

"என்னத்தைப் போட்டனீங்கள்? இனி உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்வன்?"

என் உயிருக்குத்தான் அழுதார். டப்பாவைக் காட்டினேன், நம்பவில்லை. அந்தப் பெண்மணிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் விட்டேன். சோயா, உப்பு, தண்ணீர், வேறொன்றுமில்லை என்றார். என் மனைவி தனக்குத் தெரிந்த இங்கிலீசில் "நோ ஃபிஷ்?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அந்த மனுசி பொறுமையாக அதையே சொன்னார்.

பிறகுதான் கோப்பையைத் தூக்கினார். மூக்கைத் துடைத்துத் துடைத்துக் குடித்து முடித்தார். தானாகவே இன்னொன்று வார்த்து, அதையும் குடித்தார். நாலு வருடத்தில் அவர் இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். சந்தோசத்தில் என் கோப்பையையும் நீட்டினேன்.

"இதில உப்பு நல்லாக் கூட. உங்களுக்கு அரைக் கோப்பைதான்" என்று பானையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.