எல்லா போனுக்கும் ஒரே ஐடி

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் தகராறு உண்டு. அச்சடிக்கிறவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் செல்போன் சர்வீஸ் சங்கத்து மலருக்கு, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் படிக்கிற மாதிரி ஓர் அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ‘போன்ல பேசுங்கண்ணே, அதுவே எழுதிக் குடுத்துடும்’ என்றார்கள். வேண்டாம் என்றேன். நான் ஒரு வார்த்தை அடித்தால் அடுத்த வார்த்தையை அது நீட்டுகிறது. நான் சொல்ல வந்தது அதற்கு எப்படித் தெரியும், இதுவரை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது என்று யோசித்தால் எனக்குக் கை ஓடாது. அதனால் பேனாவில் எழுதுகிறேன்.

1. ‘எல்லாத்துக்கும் ஓகே குடு’

நான் வேலை பார்ப்பது நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்தில் உள்ள ஒரு கடையில். முதலாளி இருதயராஜ் அண்ணன் முன்னால் கவுண்டரில் நிற்பார். வருகிறவர் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. நான் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஹாட் ஏர் கன்னும் மைக்ராஸ்கோப்புமாக உட்கார்ந்திருப்பேன்.

புது போன் வாங்கினால் அதை ஆன் பண்ணியதும் மெயில் ஐடி கேட்கும். மீன் விற்கிற அம்மாவுக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் மெயில் ஐடிக்கு எங்கே போவது? அண்ணன் எப்போதோ கடை பெயரில் ஓர் ஐடி திறந்து வைத்திருந்தார். கேட்கிற போனுக்கெல்லாம் அதைப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு போட்டோவை பேக்கப் எடுக்கலாமா, நம்பர்களைச் சேர்த்து வைக்கலாமா, இருக்கிற இடத்தைக் காட்டலாமா என்று வரிசையாகக் கேள்வி வரும். எதையும் படிக்க மாட்டார்.

“எல்லாத்துக்கும் ஓகே குடு, ஓகே குடு. கஸ்டமர் நிக்கறாங்க இல்ல?”

ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. ‘அண்ணன் கடையில வாங்கினா எல்லாம் போட்டே குடுத்துடுவாரு’ என்று ஊரில் பேர்.

இதில் ஒரு வேடிக்கை. புது போனில் அந்த ஐடியைப் போடும்போது, பழைய கஸ்டமர் யாருடைய போனிலாவது ‘உள்ளே வருவது நீங்கள்தானா?’ என்று கேள்வி வரும். பெரும்பாலும் அது சொல்தா வீட்டுப் பெரியவர் போனாக இருக்கும். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். உடனே கடைக்குப் போன் அடிப்பார்.

“இருதயராஜ், ஏதோ எஸ்ஸா நோவான்னு கேக்குதுப்பா!”

“ஒண்ணும் இல்ல பெரிப்பா. எஸ் குடுத்துடுங்க.”

அவரும் பட்டாளத்து ஆள், உத்தரவு என்றால் மறுகேள்வி கிடையாது. எஸ் கொடுத்துவிடுவார்.

எனக்கு எதிலும் சந்தேகம்தான். டார்ச் லைட் ஆப் ஒன்று போன்புக்கைப் பார்க்க அனுமதி கேட்டது. வெளிச்சம் காட்டுவதற்கு என் மச்சான் நம்பர் எதற்கு? இலவசம் என்று வருகிற எதையும் நான் தொடுவதில்லை. ரிப்பேருக்கு வரும் போனின் முன்பக்க கேமராவில் டேப் ஒட்டிவிட்டுத்தான் பிரிப்பேன்.

“உன் மூஞ்சிய எவன்டா ஏழுமல பாக்கப்போறான்? பாத்தவனே போன தூக்கிப் போட்டுட்டு ஓடிடுவான்” என்பார் அண்ணன்.

கடை ஐடி பற்றியும் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். “இத்தன வருஷமா ஒண்ணும் ஆவல. நீ போன் போர்ட பாரு” என்று சொல்லிவிட்டார்.

2. உள்ளே உட்கார்ந்திருப்பவன்

ஒரு மதியம், மீன் மார்க்கெட் கலைந்த நேரம். அஞ்சலை காலிக் கூடையோடு வந்தாள். முன்பு கடலோரக் குப்பத்தில் இருந்தவள். அவளும் அவள் புருஷனும் சேர்ந்து வந்து, ஒரே நாளில் எங்கள் கடையில் ஆளுக்கொரு போன் வாங்கியவர்கள்.

“அண்ணே, இதுக்குள்ள எவனோ உக்காந்துனு என்னப் பாத்துனு இருக்கான். அவன வெளிய எடுத்துப் போடு” என்று போனைக் கவுண்டரில் வைத்தாள்.

“எவன் அஞ்சல? வாவல் மீன கடன் கேட்டவனா?” என்றார் அண்ணன்.

“சிரிக்காத. கூடையாலயே ஒண்ணு வுட்டேன்னா நாளெல்லாம் கவிச்சி அடிச்சினு நிப்ப.”

சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் உடைந்தது. புருஷன் அடி தாங்காமல் தவளக்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாளாம். சிம்மை உடைத்துப் போட்டுவிட்டுப் புது நம்பர் வாங்கியிருக்கிறாள். சிம்மை மாற்றினால் போனே மாறிவிட்டதாக நினைப்பவர்கள் எங்கள் கடைக்கு நிறைய வருவார்கள். அவளும் அப்படித்தான் தைரியமாக இருந்திருக்கிறாள். ஆனால் குப்பத்திலிருந்து வருகிறவர்களிடம் அவன் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான். ‘பச்ச கேட்டு வூடு சவுகரியமா இருக்குதான்னு கேளு.’ ‘நீலப் பொடவ நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லு.’

“அந்தப் பொடவய நான் தெருவுக்குக் கூட கட்டினு போவலண்ணே. வூட்டுக்குள்ள கட்டிப் பாத்து ஒரு போட்டோ எடுத்தேன், அவ்ளோதான். பாத்தது அக்காவும் மாமாவும். மாமாதான் போட்டுக் குடுக்கறாருன்னு நேத்து அக்கா மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். காலையில சோறு வெச்சா, நான் துன்னல.”

அண்ணன் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

“இதுல ஒண்ணும் இல்லன்னு ஏழுமலண்ணன் சொல்லிட்டா, அப்ப மாமாதான்னு ஆயிடும். இன்னிக்கே துணிய எடுத்துனு கெளம்பிடுவேன்.”

“எங்க போவ?” என்று கேட்டார் அண்ணன். அவள் காலிக் கூடையைப் பார்த்தாள். போவதற்கு வேறு வீடு இல்லை என்பது எனக்கே புரிந்தது.

போனை உள்ளே வாங்கினேன். வேவு பார்க்கிற ஆப் ஏதாவது ஒளிந்திருக்கும் என்று எனக்குப் பெரிய நிச்சயம். ஐகான் இல்லாத ஆப் உண்டா, எதற்காவது முழு அதிகாரம் கொடுத்திருக்கிறதா, மைக்கை யார் எடுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. போன் சுத்தமாக இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மேசை மேல் அது பெரிய சத்தத்தோடு அடித்தது.

கால் இல்லை. அலாரமும் இல்லை. சைலன்ட்டில் கிடந்த போன் கத்துகிறது.

“இதாண்ணே! மீன் வெட்டினு இருக்கும்போதும் இப்படித்தான் தானா அடிச்சுது” என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்ததுதான். காணாமல் போன போனைத் தேடுகிறவர்கள், அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொடுக்கிற மணி. சைலன்ட்டில் இருந்தாலும் அடிக்கும். அதே ஐடி உள்ள இன்னொரு போனிலிருந்து கொடுக்கலாம். அவள் போனில் இருந்தது ஒரே ஐடி. எங்கள் கடை ஐடி.

3. யார் யார் வீடோ

‘போட்டோஸ்’ என்ற ஆப்பைத் திறந்தேன். நிறைய பேர் கேலரியை மட்டும்தான் பார்ப்பார்கள், இதைத் தொடுவதே இல்லை. அஞ்சலையும் தொட்டதில்லை.

முதலில் அவள் எடுத்த படங்கள் வந்தன. நீலப் புடவை, பச்சை கேட், அக்கா பிள்ளைகள். கீழே தள்ளினால் யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டு விழா. யாருடையதோ ஆதார் கார்டு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. குளித்து முடித்த கைக்குழந்தை. பனியில் குல்லா போட்டு நிற்கும் ஒரு பையன். நடுவில், படகு மேல் சாய்ந்து நிற்கும் அஞ்சலையின் புருஷன்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பனியில் நின்ற பையன் மேல் விரலை வைத்தார். “இது சொல்தா வூட்டு பேரன் ஆச்சே. பாரிஸ்ல இருக்கறவன்.”

“நாம ஐடி போட்ட போன்ல எடுக்கறதெல்லாம் ஒரே எடத்துல வந்து விழுதுண்ணே. யாரு வேணா யாரோடத வேணா பாக்கலாம். அஞ்சல புருஷன் அத கண்டுபுடிச்சுட்டான்.”

“சரி, அஞ்சல போன்லேருந்து மட்டும் எடுத்துடு. அவ படத்த அழிச்சுடு. முடிஞ்சுது.”

“இவன் ஒருத்தன்தான் பாக்கறான்னு எப்படிச் சொல்றது?”

நான் அவரிடம் அவ்வளவு பேசியதே அதுதான் முதல் தடவை. அவர் குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு? பாஸ்வேர்ட மாத்தச் சொல்றியா? அத்தன போனும் ஒரே நேரத்துல ஐடிலேருந்து வெளிய வந்துடும்டா. நாளைக்கு நெல்லித்தோப்பே வாசல்ல நிக்கும். கடைய மூடிட்டு ரெண்டு பேரும் சுண்டல் விக்கப் போவலாம்.”

அஞ்சலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப மாமா இல்லியா?” என்றாள்.

“இல்லம்மா. எங்க கடை” என்றேன்.

கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் போனிலிருந்து ஐடியை எடுக்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. மணி கொடுத்தவனுக்கு மேப்பில் இப்போது தெரிவது எங்கள் கடை. குப்பத்திலிருந்து பைக்கில் வர எவ்வளவு நேரம் ஆகும்?

4. மரியாதையாக வந்தவன்

நல்ல சட்டை போட்டு, தலை சீவி, சிரித்துக்கொண்டே வந்தான். அதற்குள் அஞ்சலையை உள்ளே கூப்பிட்டு என் மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார வைத்திருந்தேன். அந்த அவசரத்தில் அவள் போனிலிருந்து ஐடியை எடுக்காமலே விட்டிருந்தேன்.

“அண்ணே, நல்லா இருக்கீங்களா? வூட்டுக்காரி போனு காணாப் பூடுச்சுண்ணே. எவனோ திருடி உங்க கடையில குடுத்துருக்கான் போல. பாருங்க, இங்கதான் காட்டுது.”

போனை நீட்டினான். மேப்பில் எங்கள் தெரு. சிரித்துக்கொண்டே எதையோ தொட்டான். என் மேசை மேல் அஞ்சலையின் போன் மறுபடியும் கத்தத் தொடங்கியது. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதாண்ணே. குடுத்துடுங்க.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்டதை இல்லை என்று சொல்லாத மனிதர். கொடுத்துவிடச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். போனை எடுத்து மணியை அணைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினேன்.

“ஒரு நிமிஷம் தம்பி, சிஸ்டத்துல பாத்துடறேன்” என்றார் அண்ணன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடித்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் படித்துப் பார்த்து அடித்ததை நான் கண்டதில்லை. கடைசியாக ஒருமுறை மௌசைத் தட்டினார். கவுண்டரில் நின்றவன் தன் போனை உற்றுப் பார்த்தான்.

“இன்னாண்ணே, மேப்பு பூடுச்சு? பாஸ்வேர்டு கேக்குது?”

“அது கடையோட ஐடி தம்பி. இனிமே யாருக்கும் கெடையாது.”

“அப்ப என் போனு?”

“அது உன் போன் இல்ல. குடுத்தவங்க வந்து கேட்டா குடுப்பேன். திருடு போச்சுன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடு. போலீசு வரட்டும், அவங்ககிட்ட பேசிக்கறேன்.”

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணாடித் தடுப்பை ஒருமுறை பார்த்தான். “நல்லா யாவாரம் பண்றீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். பைக் சத்தம் தேய்ந்த பிறகுதான் அஞ்சலை எழுந்தாள்.

கடை போன்தான் முதலில் அடித்தது. சொல்தா வீட்டுப் பெரியவர். “இருதயராஜ், இப்ப எஸ்ஸும் கேக்கல நோவும் கேக்கல, எல்லாமே பூடுச்சுப்பா!”

பேசுவதற்கு மட்டும் நான் வைத்திருக்கும் பட்டன் போனை அஞ்சலை வாங்கி, மனப்பாடமாக வைத்திருந்த நம்பரை அடித்தாள். “மாமா, நெல்லித்தோப்பு வரைக்கும் வந்து என்னக் கூட்டினு போறீங்களா?” அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் மொபட்டில் வந்து இறங்கினார். அவள் முகத்தைப் பார்க்காமல், “துன்னியா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். கூடையை அவரே எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

5. அதற்குப் பிறகு

அண்ணன் சொன்னபடிதான் ஆனது. வாசலில் கூட்டம். நம்பர் போச்சு, பேரன் படம் போச்சு என்று சத்தம். சிலர் அதோடு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் சில நாள் என்னோடு பேசாமல், ஒவ்வொருவரையும் ஸ்டூலில் உட்கார வைத்து அவரவர் பெயரில் ஐடி போட்டுக் கொடுத்தார். கேள்வி வரும்போதெல்லாம் படித்துக் காட்டினார். முக்கால்வாசிப் பேர் “எதுனா குடுப்பா, சீக்கிரம் குடு” என்றார்கள். திருடனைப் பற்றிப் பயப்படுகிற ஜனங்கள் இந்தக் கேள்விகளைப் பற்றிப் பயப்படுவதில்லை. வேவு ஆப்பைத் தேடிய நானும் கடைசியில்தானே ஐடியைப் பார்த்தேன். தெரியாதவன்மேல் சந்தேகப்படுவது சுலபம். நல்லது செய்கிறவர் செய்கிற வசதியின் மேல் சந்தேகம் வருவது கஷ்டம்.

அஞ்சலையின் புருஷன் ஒருமுறை தவளக்குப்பம் வரை போனானாம். மாமா கேட்டைத் திறக்கவில்லை. பிறகு அவளே அக்காவோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் தன் பெயரில் ஐடி போட வந்தாள். எல்லாம் முடித்து, பாஸ்வேர்டு அடிக்கிற இடத்தில் போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் அடிக்காமல் என்னையே பார்த்தாள்.

“அண்ணே, அந்தப் பக்கம் திரும்பு.”

“ஏழுமலயவா சொல்ற?” என்று அண்ணன் சிரித்தார்.

“அவரயும்தான், உன்னையும்தான். ரெண்டு பேரும் திரும்புங்க.”

புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். கஸ்டமர் சொல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்பிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் போன் கவர் தொங்குகிற சுவரைப் பார்த்து நின்றோம். அவள் எழுத்து எழுத்தாக, நிதானமாக அடித்தாள். தப்பாகிப் போய் முதலிலிருந்து மறுபடியும் அடித்தாள். வாசலில் அடுத்த கஸ்டமர் வந்து நின்றார். அண்ணன் திரும்பவில்லை.

நெல்லித்தோப்பு,
மார்ச் 9, திங்கட்கிழமை