மாலை கழற்றிய அன்று சாயங்காலம்

மாலை போட்ட இரண்டாம் நாள், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் நடந்த ஐயப்ப பஜனையில் என் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் தோள் வரை ஏறியது. தாடை இறுகிக்கொண்டது. சரணம் உச்சத்தில் இருந்த நேரம். "சாமி வந்துடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். குருசாமி நெற்றி நிறைய விபூதி பூசினார். என் மனைவி கலா கூட்டத்துக்கு நடுவே என் காலில் விழுந்தாள்.

பிறகு எனக்கு நினைவில்லை. நான் சரிந்து விழுந்து, வேட்டி நனைந்து, வாயில் நுரை தள்ளிய பிறகுதான் இது வேறு என்று புரிந்து ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் இருந்த டாக்டருக்கு என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டார். கலாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாலை போட்டிருக்கார் டாக்டர். ரெண்டு நாளா தொடவே இல்ல."

"அதனாலதாம்மா இது வந்திருக்கு" என்றார் டாக்டர்.

வித்ட்ராயல் வலிப்பு (தினமும் குடிக்குப் பழகிய மூளை, அது சட்டென்று நின்றதும் நிலைகுலைவது) என்று பெயர் சொன்னார். ஐந்து நாள் படுக்கை. படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை, தயமின் ஊசி (குடியால் உடம்பில் வற்றிப்போகும் ஒரு வைட்டமின்). இதைப் படிக்கிறவர் என்னைப் போன்றவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன்: வீம்புக்காகவோ வேண்டுதலுக்காகவோ நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நான் பதினோரு வருடமாக மாலை போடுகிறவன். கார்த்திகை முதல் நாள் தொடங்கி நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொட்டதில்லை. முன்பெல்லாம் முதல் நாலு நாள் வியர்க்கும், தூக்கம் வராது, அவ்வளவுதான். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய சாயங்காலமே தொடங்கிவிடுவேன். கலா அழுதால், "நாப்பத்தெட்டு நாள் இருக்கறவன் குடிகாரனாடி?" என்பேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அங்கேயும் இதே வாதம்தான் என்னைக் காப்பாற்றியது.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஒரு சீட்டில் மேற்குத் தாம்பரம் முகவரி ஒன்றை எழுதித் தந்தார். குடியிலிருந்து மீள்கிறவர்கள் வாரா வாரம் கூடும் இடம். அடுத்த தடவை வலிப்பு வந்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். சீட்டை பர்ஸில் வைத்துக்கொண்டேன், போகவில்லை. மாலைதான் கழுத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன். மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நாற்பத்தெட்டாம் நாள் காலையில் உள்ளூர்க் கோவிலிலேயே மாலையைக் கழற்றினார்கள். பக்கத்தில் நின்ற கலா சாமியைக் கும்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வாய் உலர்ந்தது. நாலரைக்கு, மதுக்கடைப் பக்கம் திரும்பிவிடும் என்று என் கால்களை நான் நம்பவில்லை. அப்போதுதான் சீட்டை எடுத்தேன்.

ரயில்வே சுரங்கப்பாதையைக் கடந்து அந்தத் தெருவை மூன்று முறை சுற்றினேன். போர்டே இல்லை. யாரிடம், என்னவென்று கேட்பது? டீக்கடை அக்காவிடம், இங்கே டியூஷன் சென்டர் எங்கே என்று கேட்டேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "மீட்டிங்குக்குத்தானே சார்? நர்சரி ஸ்கூல் மாடி, செருப்பைக் கீழயே வுட்டுட்டுப் போங்க" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் மானம் போவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மாடியில் ஒன்பது பேர் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே கேட்டதை வெளியே பெயரோடு சொல்லக்கூடாது என்பது வழக்கம். என் முறை வந்தபோது, நாற்பத்தெட்டு நாள் ஆகிறது, விரதம் இன்று முடிந்தது, எனக்கு பயமாக இருக்கிறது என்றேன். பஜனையில் நடந்ததையும் சொன்னேன். கலா காலில் விழுந்ததையும் விடவில்லை.

ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு என் முழங்காலைத் தொட்டார்.

"தப்பா நெனைக்காத சார். உனுக்கு நாப்பத்தெட்டு, எனுக்கு நாப்பது. தவக்காலம் பூரா மோந்துகூட பாக்க மாட்டேன். ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் நேரா கடைக்குத்தான் ஓடுவேன். அந்த நாப்பது நாளும் இன்னா பண்ணிகினு இருந்தேன் தெரியுமா? ஈஸ்டரை எண்ணிகினு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமும் என் விரதம் என் குடியின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது. இனி எதை நோக்கி எண்ணுவது என்று கேட்டேன். அடுத்த வாரம் வந்தால் போதும் என்றார் ஆட்டோக்காரர்.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த கலா வழி விடவில்லை. குதிகாலை உயர்த்தி என் வாய்ப் பக்கம் வந்து மோந்து பார்த்தாள். முன்பென்றால் கை ஓங்கியிருப்பேன். அன்று தலையைக் குனிந்து வாயைத் திறந்து காட்டினேன்.

பத்து மாதம் ஆகிறது. ஒவ்வொரு வாரமும் அந்தக் குட்டி நாற்காலியில் போய் உட்காருகிறேன், முழங்கால் வலிக்கிறது. நாட்கள் நீளமாக இருக்கின்றன, மாலை நான்கு மணி மட்டும் ரொம்ப நீளம். இப்போதெல்லாம் கலா வழி மறிப்பதில்லை. நானே வாசலில் நின்று குனிகிறேன். மோந்து பார்த்துவிட்டு அவள் உள்ளே போன பிறகுதான் எனக்கு அன்றைய நாள் முடிகிறது.